பின்தங்கும் வரை காத்திருக்கலாகாது: மலையகப் பாடசாலைகளுக்கு வேண்டிய படிநிலை உதவி

நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தோட்டப்புறப் பாடசாலைகளைப் பற்றி நாம் ஆண்டுக்கு இரண்டு முறை பேசுகின்றோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளிவரும்போது ஒரு முறை, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும்போது மறுமுறை. சித்தியடைந்த பிள்ளைகளின் படங்கள் சந்தியில் பதாகைகளாக எழுகின்றன. சித்தியடையாதோரைப் பற்றிச் சில நாட்கள் கவலைப்பட்டுவிட்டு அடுத்த ஆண்டு வரை மௌனமாகிவிடுகின்றோம். எனினும் சாதாரண தரத்தில் கணிதத்தைக் கைவிடும் பிள்ளை அந்த ஆண்டில்தான் பின்தங்கியது என்று கூறுவதற்கில்லை. இரண்டாம், மூன்றாம் தரங்களில் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாமல் தடுமாறியபோதே அந்தப் பின்னடைவு தொடங்கிவிட்டது. அப்போது அதனை எவரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கவில்லை.

இன்று நமது பாடசாலைகளில் மேலதிக உதவி இல்லையென்று கூற முடியாது. பின்னேர வகுப்புகள், கருத்தரங்குகள், மாதிரி வினாத்தாள்கள் என்று பல நடைபெறுகின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பரீட்சை நெருங்கும் காலத்தில், சித்தியின் எல்லையில் நிற்கும் பிள்ளைகளை மனதில் கொண்டு நடத்தப்படுபவை. வாசிக்கவே தெரியாத பிள்ளைக்கு மாதிரி வினாத்தாளால் யாதொரு பயனும் இல்லை. இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றி, பின்னடைவு தென்படும் முதல் மாதத்திலேயே உதவியைத் தொடங்குவதற்கு உலகின் பல நாடுகள் கையாண்டு வருவதே படிநிலை உதவி முறையாகும்.

இம்முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலாம் படி, வகுப்பிலுள்ள அனைவருக்குமான நல்ல கற்பித்தல். தவணைக்கு ஒரு தடவை எல்லாப் பிள்ளைகளையும் சில நிமிடங்கள் வாசிக்கச் செய்தும் எளிய கணக்குகளைச் செய்யச் சொல்லியும் நிலையறிவது இப்படியின் ஓர் அங்கம். அதில் தடுமாறுவோருக்கு இரண்டாம் படி: நான்கைந்து பேர் கொண்ட சிறு குழு, வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், அரை மணி நேரம், குறிப்பிட்ட ஒரு குறைபாட்டை நோக்கிய பயிற்சி. சில வாரங்களின் பின்னரும் முன்னேற்றம் காணாதோருக்கு மூன்றாம் படி: தனித்தனியான, அடிக்கடி நிகழும் கற்பித்தல், தேவையாயின் விசேட கல்வி ஆசிரியரினதும் மருத்துவரினதும் ஆலோசனை. தேறிய பிள்ளை கீழ்ப்படிக்குத் திரும்பிவிடும். எந்தப் படியும் எந்தப் பிள்ளைக்கும் நிரந்தரமானதன்று.

முதலாம் படி செம்மையாக நடைபெறும் பாடசாலையில் நூற்றுக்கு 80 பேர் அதனோடு நிறைவடைவர் என்றும், 15 பேருக்கு இரண்டாம் படியும் 5 பேருக்கு மூன்றாம் படியும் தேவைப்படும் என்றும் பொதுவாகக் கணக்கிடப்படுகின்றது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் 32 பேர், 6 பேர், 2 பேர் என இது அமையும். இக்கணக்கு ஓர் ஏகதேச வழிகாட்டியே, விதியன்று.

இச்சிந்தனை பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து கல்விக்கு வந்ததாகும். அனைவருக்கும் தடுப்பூசி, ஆபத்தில் உள்ளோருக்குக் கண்காணிப்பு, நோயுற்றோருக்குச் சிகிச்சை என்ற அதே வரிசைதான் இங்கும் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில், பிள்ளையின் நுண்ணறிவுக்கும் பாட அடைவுக்கும் பெரும் இடைவெளி தோன்றிய பின்னரே விசேட உதவி வழங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பிள்ளை தோற்கும் வரை காத்திருக்கும் முறை என அது கண்டிக்கப்பட்டது. அந்த இடைவெளியைக் கட்டாய நிபந்தனையாக்கக் கூடாதென 2004இல் திருத்தப்பட்ட சட்டம் கூறியதோடு, படிநிலை முறை அங்கு வேகமாகப் பரவியது. பின்லாந்து 2011 முதல் பொது உதவி, தீவிர உதவி, விசேட உதவி என மூன்று படிகளைச் சட்டமாக்கி நடைமுறைப்படுத்தி, 2025 ஓகஸ்டில் அந்த ஏற்பாட்டை மாற்றியமைத்தது.

தமிழ்மொழிப் பாடசாலைகளில் இதற்கு நெருங்கிய முயற்சி தமிழ்நாட்டில் நடைபெற்றது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் அங்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையான பிள்ளைகள் தாம் அமர்ந்திருக்கும் வகுப்பின்படி அன்றி, தமது உண்மையான கற்றல் நிலையின்படி அரும்பு, மொட்டு, மலர் என வகுக்கப்பட்டு, ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ற பயிற்சிகள் வழங்கப்பட்டன. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்பு நிலையில் நிற்கும் பிள்ளையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, அங்கிருந்தே கற்பிக்கத் தொடங்கியது அதன் சிறப்பாகும்.

நமது நாட்டிலும் இதற்கான அடித்தளம் புதிதாக இடப்பட வேண்டியதில்லை. ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும் 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, ஒவ்வொரு முதன்மை நிலையின் முடிவிலும் பிள்ளை அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் வரையறுக்கப்பட்டன. பரிகாரக் கற்பித்தல் என்ற சொல்லும் நமது ஆசிரியர்களுக்குப் புதியதன்று. குறைபாடு இருப்பது, அளப்பதற்கும் செயற்படுவதற்கும் இடையிலான தொடர்பிலாகும். பிள்ளையின் பெயருக்கு எதிரே 'அடையவில்லை' என்று குறிக்கப்பட்டால் மறுநாள் காலை யார், எந்த நேரத்தில், எதைக் கற்பிப்பது என்ற விடை அந்தப் பதிவேட்டில் இல்லை. அந்த விடையைத் தருவதே படிநிலை முறையின் பணி.

ஆயினும் இம்முறையை மலையகத்தில் அப்படியே பிரதி செய்ய முற்படுவோர் ஓர் உண்மையை எதிர்கொண்டேயாக வேண்டும். நமது சிறிய தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் பலவீனமாக இருப்பது முதலாம் படியே. இதற்குப் பிள்ளைகளோ தனித்த ஆசிரியர்களோ காரணமல்லர், வரலாறே காரணம். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பில் விட்டது. இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தேசிய நீரோட்டத்துக்கு வெளியிலேயே நின்றன. 1977 முதல்தான் அரசு அவற்றைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. பின்னர் சுவீடன், ஜேர்மன் உதவித் திட்டங்கள் கட்டடங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் வளர்த்தன. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. இருந்தும் ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. 2014, 2015 காலப்பகுதியில் தோட்டப் பாடசாலைகளுக்கென ஏறத்தாழ 3,000 ஆசிரியர் உதவியாளர்கள் குறைந்த மாதக் கொடுப்பனவுடன் உள்வாங்கப்பட்டமையே அந்தப் பற்றாக்குறையின் அளவைக் காட்டும்.

இத்தகைய பாடசாலையில் மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் நாற்பது பேரை வாசிக்கச் செய்து பார்த்து, இருபது பேர் தடுமாறுகின்றனர் எனக் கண்டால் என்ன செய்வது? இருபது பேரையும் இரண்டாம் படிக்கு அனுப்ப நேரமும் இல்லை, ஆளும் இல்லை. அனுப்புவது சரியுமன்று. வகுப்பில் பாதிப் பேர் தடுமாறினால் மாற வேண்டியது வகுப்பின் கற்பித்தலே. ஆறு பேர் தடுமாறினால் அது அந்த ஆறு பேருக்கு உதவி தேவை என்பதன் அறிகுறி. இருபது பேர் தடுமாறினால் அது பாடசாலைக்கே உதவி தேவை என்பதன் அறிகுறி. அதிபர்களும் வலயக் கல்விப் பணிமனைகளும் முதலில் மனங்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

இதற்குச் செய்யக்கூடியவை உள்ளன. ஆண்டின் முதல் மாதத்தில் தரம் 3, 4, 5 பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு பக்கத்தை உரத்து வாசிக்கச் செய்து, எழுத்து, சொல், வசனம், பந்தி ஆகியவற்றுள் எதில் நிற்கின்றனர் என ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளலாம். காலையின் முதற் பாடவேளையை மூன்று தரங்களுக்கும் வாசிப்புக்கென ஒரே நேரத்தில் ஒதுக்கினால், மூன்று ஆசிரியர்கள் மூன்று நிலைகளைப் பகிர்ந்துகொள்ள முடியும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் வாசிக்கச் செய்து குழுக்களை மாற்றலாம். அதன் பின்னரும் எஞ்சும் சிலருக்கே இரண்டாம் படி. ஆசிரிய ஆலோசகர்களின் வருகையும் பதிவேடுகளைப் பார்ப்பதோடு முடியாமல், அந்தக் குழுக்களில் அமர்ந்து கற்பித்துக் காட்டுவதாக அமையலாம்.

தரம் 6க்கு மாறும் கட்டம் மேலும் கவனத்துக்குரியது. தோட்டத்தின் ஆரம்பப் பாடசாலையை முடிக்கும் பிள்ளை, நோர்வூட்டிலோ ஹட்டனிலோ உள்ள பெரிய பாடசாலைக்குச் செல்கின்றது. அதன் புலமைப்பரிசில் புள்ளி கூடவே செல்கின்றது. அது எந்த எழுத்தில் தடுமாறியது, எந்த உதவியால் தேறியது என்ற விபரம் செல்வதில்லை. ஒற்றைப் பக்க அட்டை ஒன்றிலேனும் அவ்விபரம் உடன் செல்லுமாயின், புதிய ஆசிரியர் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியிராது.

வாசிப்புக்கு வெளியே உள்ள காரணங்களும் இம்முறையினுள் அடங்கும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு வேண்டியது மூக்குக்கண்ணாடியே. தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின் முடிவுகளையும், வரவு இடாப்பையும், வாசிப்புக் கொப்பியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தாலே பல புதிர்கள் அவிழும். தாய் கொழுந்து மலைக்கும் தந்தை கொழும்புக்கும் சென்றிருக்க, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வராமலிருப்பது ஒரு கற்றற் பிரச்சினையே. பெற்றோரை அழைக்கும்போதும், வேலை நாட்காலையில் அழைப்பது ஒரு நாட்சம்பளத்தைப் பறிப்பதாகும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இம்முறையின் ஆபத்துகளையும் மறைப்பதற்கில்லை. அமெரிக்காவின் 13 மாநிலங்களில் 146 பாடசாலைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, முதலாம் வகுப்பில் எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்று மேலதிக உதவிக் குழுவில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் எதிர்பார்த்தவாறு முன்னேறாமல், வாசிப்பில் பின்தங்கியமையைக் கண்டது. பல பாடசாலைகளில் வகுப்பின் வாசிப்பு நேரத்திலேயே அவ்வுதவி நடைபெற்றமை ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. இரண்டாம் படி வகுப்புக்கு மேலதிகமாக அமைய வேண்டுமேயன்றி வகுப்புக்குப் பதிலாக அமையலாகாது என்பதே நமக்கான படிப்பினை. அவ்வாறே, படிநிலை உதவியைக் காரணங்காட்டி இயலாமையுடைய பிள்ளைகளின் விசேட மதிப்பீட்டைத் தாமதப்படுத்தக் கூடாதென அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் 2011இல் அறிவுறுத்த வேண்டியேற்பட்டது.

நம்மிடையே உள்ள ஆபத்து வேறொன்று. 'மெல்லக் கற்போர்' என்று ஒருமுறை பெயரிடப்பட்ட பிள்ளை பின்வரிசையில் அமர்த்தப்பட்டால், பாடசாலையை விட்டு விலகும் வரை அங்கேயே இருந்துவிடுகின்றது. குழுக்கள் மாறாமல் உறைந்துபோனால் படிநிலை உதவியும் அதே பின்வரிசையாகிவிடும். மிகவும் பின்தங்கிய குழுவுக்கு அனுபவம் குறைந்தவரை அனுப்பும் வழக்கமும் மாற வேண்டும். கடினமான பணிக்குத் தேர்ந்த ஆசிரியரே உரியவர்.

கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 5 தொடக்கம் 16 வரை என விரிவாக்கப்பட்டுள்ளது. வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பதினாறு வயது வரை வகுப்பில் இருத்தி வைப்பது அச்சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது. ஆகவே ஆரம்பப் பிரிவுகளின் ஆசிரியர் வெற்றிடங்களை முதலில் நிரப்புமாறும், புலமைப்பரிசில் சித்திகளோடு இரண்டாம் தரத்தில் சரளமாக வாசிக்கும் பிள்ளைகளின் தொகையையும் பாடசாலையின் வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்ளுமாறும் கல்வி அதிகாரிகளிடம் நாம் கேட்க வேண்டும். நமது சந்திகளில் பதாகை கட்டும் சங்கங்களும் நலன்விரும்பிகளும், பதாகையில் ஒருபோதும் இடம்பெறாத அந்தப் பிள்ளைகளைப் பற்றி அதிபரிடம் விசாரிப்பார்களாயின், மாற்றத்தின் முதலாம் படியில் நாம் கால் வைத்தவர்களாவோம்.