நரம்பு பேசினால் இயந்திரம் கேட்குமா?



காரைக்குடியை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாயார் தம் மகனுடன் நம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கல்யாண வீடுகளில் சமையல் செய்து பிழைக்கிறவர். வலது உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கமாக, பெரிய கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அடுப்பிலிருந்த இருப்புச் சட்டியைக் கரித்துணி இல்லாமல் இறக்கி வைத்திருக்கிறார்.

"சுட்டபோது கையை எடுக்கவில்லையா அம்மா?" என்று கேட்டோம்.

"சுடவே இல்லையே ஐயா. அப்புறம் பார்த்தால் தோல் உரிந்து கிடக்கிறது" என்றார்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் சற்று மடங்கியிருந்தன. முழங்கையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தபோது நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. நோய் தொழுநோய் என்பது பரிசோதனையில் தெரிந்தது. கை மரத்துப் போய் நான்கு மாதமாயிற்றாம். வெளியே சொன்னால் சமையலுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறார்.

மகன் படித்தவர். அவர் கேட்டார்: "ஐயா, நரம்பு சொல்வதைக் கேட்டு ஆபரேஷன் செய்கிற ரோபோ வந்துவிட்டதாமே. கடன் வாங்கியாவது பணம் புரட்டுகிறேன். அம்மா கையை அதை வைத்துச் சரி செய்ய முடியாதா?"

உங்களில் சிலருக்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்கலாம். ஆகவே அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

நரம்பின் செய்தி

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி, நம் பகுதியார் எல்லாருக்கும் தெரிந்ததே. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்டது. பாட்டரிகளையும் இரும்பு துருப்பிடிப்பதையும் ஆராய்கிற இடம். உப்புக் கரைசலில் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது, எப்படி நடக்கிறது என்பதே அந்த விஞ்ஞானத்தின் அடிப்படை. நம் உடலிலுள்ள நரம்பும் அதே வழியில்தான் வேலை செய்கிறது.

நரம்பு இழையின் உள்ளேயும் வெளியேயும் இருப்பது உப்பு நீர். உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம். நடுவிலுள்ள மெல்லிய சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட் மின் வேறுபாடு இருக்கிறது. இது ஒரு டார்ச் லைட் பாட்டரியில் இருபதில் ஒரு பங்கு. சூடு பட்டதும் சவ்விலுள்ள வாசல்கள் திறக்க, சோடியம் உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் அடுத்த இடத்து வாசலைத் திறக்கிறது. இப்படியே செய்தி ஓடுகிறது. கையை அசைக்கும் நரம்புகளில் இதன் வேகம் வினாடிக்குச் சுமார் 50 மீட்டர். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் கணவாயின் பெரிய நரம்பை ஆராய்ந்து இதை 1952-ல் விளக்கினார்கள். 1963-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கேட்கும் இயந்திரம்

மின்சாரம் என்றால் அதை அளக்கலாம். தைராய்டு அறுவைச் சிகிச்சையில் இதைப் பயன்படுத்துகிறார்கள். குரல் நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது. அது அறுபட்டால் குரல் கெடும். ஆகவே மூச்சுக்குழாயில் வைக்கும் குழாயில் மின்முனைகளைப் பொருத்தி, சந்தேகமான இடத்தை மிகச் சிறிய மின்சாரத்தால் தொடுகிறார்கள். அங்கே நரம்பு இருந்தால் குரல் தசை துடிக்கும்; கருவி ஒலி எழுப்பும்.

இதை ரோபோவோடு சேர்த்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மருத்துவர்களும் பொறியாளர்களும். 2017-ல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். காது கேளாதவர்களுக்கு உட்காதில் காக்ளியர் கருவி பொருத்த, காதின் பின்புற எலும்பில் ஒரு நுண்ணிய துளை போட வேண்டும். அந்த வழியை ஒட்டி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தூரத்தில், முகத்தை அசைக்கும் நரம்பு செல்லக்கூடும். ரோபோ துளையிட்டுக்கொண்டே போகும்போது, குறித்த இடங்களில் நிறுத்தி எலும்பின் வழியே சிறு மின்சாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். குறைந்த மின்சாரத்துக்கே முகத் தசை துடித்தால் நரம்பு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் மேலே போவதில்லை. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். அவருடைய நரம்பு மட்டும் "நில்" என்கிறது.

மற்ற ரோபோக்கள் பெரும்பாலும் இவ்வளவுகூடக் கேட்பதில்லை. 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி, 2022-ல் நம் நாட்டிலேயே செய்து அறிமுகமான எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா ஆகியவை தாமாக அறுப்பதில்லை. மருத்துவரின் கை அசைவை நுட்பமாகத் திருப்பிச் செய்கின்றன. தொட்டதன் அழுத்தத்தை மருத்துவரின் கைக்குத் தெரிவிக்கும் வசதி டாவின்சியில் 2024-ல்தான் வந்தது.

இந்தக் கருவிகள் எல்லாம் செய்வது ஒன்றுதான். உயிரோடிருக்கும் நரம்பின் செய்தியைக் கேட்டு அதைக் காப்பாற்றுகின்றன. செத்துப்போன நரம்பு எந்தச் செய்தியும் அனுப்பாது. கேட்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் எத்தனை கோடி ரூபாய் இயந்திரமும் ஊமைதான்.

வேலூர் காட்டிய வழி

ஊமையான கைக்கு வழி தேடியவர்களில் முதல்வர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளியின் கை மடங்கிவிட்டாலும் முன்கையின் பல தசைகள் பலமாகவே இருப்பதை அவர் கண்டார். அவற்றின் நரம்புகள் கெடவில்லை. அப்படிப்பட்ட நல்ல தசை ஒன்றின் தசைநாரை எடுத்து, மடங்கிய விரல்களோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையை 1948 முதல் செய்துவந்தார். பிறகு அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி. விரல் நிமிர்ந்தது, பலர் மறுபடியும் வேலைக்குப் போனார்கள்.

ஆனால் சுரணை திரும்பவில்லை. நிமிர்ந்த விரலும் சுட்டது தெரியாமல் வெந்தது. பிராண்ட் பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தபோது, செயற்கையாக வலியைத் தரும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். கையுறையில் அழுத்தத்தை அறியும் உணரிகள். ஆபத்து என்றால் ஒலி எழும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. பிறகு, உணர்ச்சி இருக்கும் அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவசர வேலை வந்தால் நோயாளிகள் சுவிட்சையே அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள்! ஆண்டுக்கணக்கில் உழைத்தபின் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அணைக்க முடியாத வலியைப் படைத்தவருடைய ஞானம் எவ்வளவு பெரியது என்று அவர் வியந்தார்.

அந்தத் தாயாருக்கு

மகனிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி, கடன் வாங்க வேண்டாம். அம்மாவின் நரம்பு இன்னும் சாகவில்லை. வீங்கி நசுங்கிக் கிடக்கிறது. இப்போதே மருந்து கொடுத்தால் பிழைக்க இடமுண்டு."

நரம்பு கெட ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பலருக்குச் சுரணையும் பலமும் ஓரளவேனும் திரும்புகின்றன. நோய்க்கான கூட்டு மருந்து அரசாங்கத்தால் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதம் அல்லது ஓராண்டு சாப்பிட வேண்டும். தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை நீங்குகிறது. ஆகவே சமையல் வேலையை விட வேண்டியதில்லை. நீளமான மரப்பிடி போட்ட கரண்டி, தடித்த கரித்துணி, வெந்நீரை முழங்கைக்கு மேலே தொட்டுப் பார்க்கும் பழக்கம், இரவில் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பது: இவையே அவருக்கு இப்போது வேண்டிய கருவிகள்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது மோதிர விரல் நன்றாக நிமிர்ந்திருந்தது. நைலான் இழையால் தொட்டபோது உள்ளங்கையில் இரண்டு இடங்களில் "இங்கே" என்றார். சுண்டுவிரல் நுனி இன்னும் மரத்தே இருக்கிறது. அது திரும்புமா என்று இப்போது சொல்வதற்கில்லை.

இந்தியாவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. உங்கள் வீட்டிலோ சபையிலோ தெருவிலோ யாராவது "இங்கே தொட்டால் தெரியவில்லை" என்றால், வலி இல்லையே என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நிறம் வெளுத்த, மரத்த தேமல் இருந்தாலும் அப்படியே. அந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். நரம்பு இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பதற்கு ரோபோ தேவையில்லை. ஒரு நைலான் இழையும், பொறுமையாகத் தொட்டுப் பார்க்கும் ஒரு கையும் போதும்.