படக்கதையும் இடக்கரும்: ஜப்பானியச் சித்திரக்கதைகள் எழுப்பிய சட்டப் பூசல்

அவையில் கூறத்தகாத சொல்லை மறைத்துக் கூறுக என்பது தமிழிலக்கணத்தின் தொன்மையான விதிகளுள் ஒன்று. தொல்காப்பியர் அத்தகைய சொல்லை ‘அவையல் கிளவி’ என்றார். நன்னூலார் அதனை மறைத்துக் கூறும் வழக்கினை ‘இடக்கரடக்கல்’ என்றார். ஈண்டு உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சொல்லின் தகுதியை இலக்கணம் அவையை வைத்தே அளந்தது. மருத்துவரிடம் கூறத்தக்க சொல் மன்றத்தில் கூறத்தகாததாகலாம். ‘யார் முன்னே?’ என்னும் அவ்வினாவே ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றிப் பல நாடுகளில் எழுந்த வழக்குகளுக்கும் அடிப்படையாகும். ஆயின் அங்கே வேறொரு வினாவும் உடன் சேர்ந்தது. ‘இப்படத்தை ஆக்கியதனால் எவரேனும் துன்புற்றனரா?’ என்பதே அது. இவ்விரண்டு வினாக்களையும் வேறு பிரித்துக் காணாமையே பூசலுக்குப் பெருங்காரணம் எனலாம்.

யாருக்குரிய கதைகள்?

ஜப்பானியர் தம் படக்கதையை ‘மங்கா’ என்பர். அங்கே சிறுவர்க்கு, சிறுமியர்க்கு, இளைஞர்க்கு, வளர்ந்தோர்க்கு எனத் தனித்தனி இதழ்கள் வெளிவருகின்றன. அலுவலகம் செல்லும் பெரியோரும் அவற்றைப் படிப்பர். பிற நாடுகளிலோ படக்கதை என்றாலே குழந்தைகளுக்குரியது என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. பினாங்கின் புத்தகக் கடைகளிலும் ‘டோராயேமோன்’ போன்ற சிறுவர் கதைகளே மலாய் மொழிபெயர்ப்பில் முதலில் பலர்க்கும் அறிமுகமாயின. அதே சாயலில், பெரிய கண்களோடு வரையப்பட்ட மாந்தர், வளர்ந்தோர்க்கான கதையில் பாலுறவுக் காட்சிகளில் தோன்றும்போது, பெற்றோரும் ஆசிரியரும் திடுக்கிடுவது இயல்பே.

இத்தகைய கலக்கம் புதியதன்று. அமெரிக்கக் குற்றக்கதைகளையும் திகில் படக்கதைகளையும் எதிர்த்து 1950களில் பெருங்குரல் எழுந்தது. அமெரிக்கப் பதிப்பாளர் 1954இல் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதியை வகுத்துக் கொண்டனர். பிரிட்டன் 1955இலும் இந்தியா 1956இலும் இளையோர்க்குத் தீங்கு பயக்கும் படக்கதை வெளியீடுகளைத் தடுக்கும் சட்டங்களை இயற்றின.

பினாங்குக்கு வந்த 292ஆம் பிரிவு

மலேசியாவில் ஆபாச நூல்களைத் தண்டிப்பது தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு. இந்த எண் தமிழ்நாட்டு வாசகர்க்கும் பழக்கமானதே. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2024 சூலை முதல் புதிய நியாயச் சட்டம் வந்து அப்பிரிவு 294 ஆயிற்று. மலேசியாவில் அது 292 ஆகவே நிற்கின்றது. ஆபாச நூலை விற்போர்க்கு மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இருபது வயது நிரம்பாதார்க்கு விற்றால், 293ஆம் பிரிவின்படி, சிறை ஐந்தாண்டு வரை உயரும்.

இந்தியாவிலிருந்து வந்தது என்பதற்கு இச்சட்டத்திலேயே ஓர் அடையாளம் உண்டு. கோயிலிலும் தெய்வத் திருமேனிகளைக் கொண்டு செல்லும் தேரிலும் உள்ள சிற்பங்களுக்கு இப்பிரிவு விலக்கு அளிக்கின்றது. ஓர் உருவம் இருக்கும் இடத்தையும் நோக்கத்தையும் கருதியே அதனை மதிப்பிட வேண்டும் என்பதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது என்றே இதனைக் கொள்ளல் வேண்டும்.

மாறும் அளவுகோல்

ஆபாசம் எது என்பதற்கு இங்கிலாந்து நீதிமன்றம் 1868இல் ‘ஹிக்லின்’ வழக்கில் ஓர் அளவுகோல் வகுத்தது. தீய பாதிப்புக்கு எளிதில் ஆளாகும் மனமுடையார் கையில் ஒரு நூல் கிடைத்தால் அவரைக் கெடுக்கும் போக்கு அதற்கு உண்டாயின், அந்நூல் ஆபாசமானது என்பதே அது. இதன்படி, மிகவும் மெலிந்த மனமுடைய வாசகரே நூல் முழுவதற்கும் நடுவராகிறார்.

இந்த அளவை எவ்வளவு நெகிழும் என்பதற்கு டி. எச். லாரன்சின் ‘சாட்டர்லி சீமாட்டியின் காதலன்’ என்னும் நாவலே சான்று. அதனை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவரும் வெளியிட்டவரும் குற்றவாளிகளே என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 1957இல் முடிவு செய்தது. 1960இல் இலண்டன் நடுவர் குழு அந்நூலின் வெளியீட்டாளரை விடுவித்தது. 1964இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்நூலை விற்ற பம்பாய்க் கடைக்காரரின் தண்டனையை உறுதி செய்தது. நூல் ஒன்றே, தீர்ப்போ இடத்துக்கு இடம் வேறு. ஹிக்லின் அளவுகோலை இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் கைவிட்டு, சமுதாயத்தின் இக்கால நோக்கே அளவாகும் என்றது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் காத்ததும் அதன் பின்னரே.

ஜப்பானும் பிற நாடுகளும்

ஜப்பானில் எதற்கும் தடையில்லை என்று நினைப்பது தவறு. அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆபாச வெளியீட்டைத் தண்டிக்கின்றது. ‘மிஷ்ஷிட்சு’ என்னும் படக்கதைத் தொகுதிக்காக அதன் பதிப்பாளர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் 2004இல் தோக்கியோ நீதிமன்றம் அவர் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மேல் நீதிமன்றம் தண்டனையைப் பதினைந்து இலட்சம் யென் அபராதமாகக் குறைத்தது. 2007இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

வெளிநாடுகளில் எழுந்த பூசலோ பெரும்பாலும் சிறார் தோற்றமுடைய பாத்திரங்களைப் பற்றியது. இங்கேதான் இரண்டாம் வினா கூர்மை பெறுகின்றது. குழந்தையைத் துன்புறுத்தி எடுத்த ஒளிப்படம், அக்குழந்தைக்கு இழைத்த கொடுமையின் பதிவாகும். அதனைத் தண்டிப்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. கோட்டோவியத்திலோ அவ்வாறு துன்புற்ற குழந்தை இல்லை. இவ்வேறுபாட்டைச் சுட்டி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் ஒரு சட்டத்தின் பகுதிகளைச் செல்லாதன என்றது. அடுத்த ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றம் ஆபாசம் என்னும் வழியாக ஓவியங்களையும் தண்டிக்கும் புதிய சட்டத்தை இயற்றியது. ஜப்பானிலிருந்து படக்கதைகளை வரவழைத்த அயோவா மாநிலத்தவர் ஒருவர் இச்சட்டத்தின்படி 2010இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பிரிட்டன் 2009இல் இயற்றிய சட்டம் அத்தகைய ஓவியங்களை வைத்திருப்பதையே குற்றமாக்கியது.

சுவீடன் வழக்கு வேறு வகையினது. மங்கா மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் இருந்த 51 படங்களுக்காகக் கீழ் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் அது 39 ஆகக் குறைந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு படத்தையே மெய்போன்றது என்று கண்டது. அதனையும் தொழில் காரணமாக அவர் வைத்திருந்தது தகும் எனக் கூறி விடுவித்தது. ஜப்பான் 2014இல் சிறார் ஆபாசப் படங்களை வைத்திருப்பதைக் குற்றமாக்கியபோது, வரைந்த கதைகளை அதனுள் சேர்க்கவில்லை. கலைஞரின் உரிமை என்று ஒரு சாரார் அதனைப் போற்றினர். சிறாரை இழிவுபடுத்தும் பழக்கத்துக்குச் சட்டம் கண்மூடுகின்றது என்று மறுசாரார் வருந்தினர். இவ்விரண்டாம் கூற்றையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

மலேசியாவின் மூன்று வாயில்கள்

மலேசியாவில் ஒரு படக்கதை மூன்று வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது மேற்கூறிய 292ஆம் பிரிவு. இரண்டாவது 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம். கையால் ஆக்கிய உருவங்களும் அதன் விரிந்த சொற்களுக்குள் அடங்கும். மூன்றாவது 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். இதன் 7ஆம் பிரிவின்படி உள்துறை அமைச்சர் ஒழுக்கம், பொது அமைதி, நாட்டு நலன் முதலிய காரணங்களால் ஒரு நூலை முற்றாகத் தடைசெய்யலாம். தடைபெற்ற நூலை விற்றால் மூன்றாண்டு வரை சிறையோ, 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

மூன்றாம் வாயிலின் அகலம் கருதற்குரியது. ஜப்பானிய வீரன் ‘அல்ட்ராமேன்’ கதையின் மலாய்ப் பதிப்பு ஒன்று 2014இல் தடைபட்டது. காரணம் ஆபாசமன்று, அதில் ‘அல்லாஹ்’ என்னும் திருப்பெயர் ஆளப்பட்ட முறையே. பினாங்கு ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடத்தில் அமைந்த ஆசியப் படக்கதை அருங்காட்சியகம் வெளியிட்ட ஒரு நூல், பள்ளி நூலகங்களுக்கும் சென்று சேர்ந்த பின்னர், 2019இல் தடைபட்டது. அது சீனாவின் ‘மண்டலமும் பாதையும்’ திட்டத்தைப் பற்றியது. கேலிச்சித்திரக்காரர் சூனாரின் இரு நூல்கள் மீது விதித்த தடை செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் கூறியது. எனினும் 2016இல் அதே கொம்தாரில் அவர் நடத்திய கண்காட்சியில் ஒரு கூட்டம் புகுந்து குழப்பம் விளைவிக்க, மறுநாள் கைதானவர் அவரே. ஆபாசம், சமயம், அரசியல் ஆகிய மூன்றும் ஒரே வாயிலில் நிறுத்தப்படுமாயின், எது எக்காரணத்தால் தடுக்கப்பட்டது என்பதைப் பொதுமக்கள் தெளிதல் அரிதாகும்.

செய்யத்தக்கது

பொருளுக்கேற்ற அளவுகோல் வேண்டும். மெய்யான குழந்தைக்குத் தீங்கு நேர்ந்த இடத்தில் சட்டம் சற்றும் நெகிழலாகாது. வரைந்த கதையில் முதலிற் கேட்கத்தக்கது ‘யார் முன்னே?’ என்பதே. வயது வகுத்து விற்றல், உறையிட்டுத் தனியே வைத்தல், தடைசெய்தால் அதன் காரணத்தை எழுத்தில் விளக்கல் ஆகியன, எல்லாவற்றையும் ஒருங்கே தடுப்பதினும் பயனுடையன. 293ஆம் பிரிவு வயதைத் தனியே கருதுவதும் இந்நெறிக்கு இயைந்ததே.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மாணவன் பையில் ஜப்பானியப் படக்கதை ஒன்று காணப்பட்டால், அட்டையைப் பார்த்துப் பறிப்பதினும் உள்ளே படித்துப் பார்த்து, அது எவ்வயதினர்க்கு உரியது என்று உணர்ந்து, தகாததாயின் காரணங்கூறி விலக்குவதே சிறந்தது. படிக்காமல் தடுத்தவரின் சொல்லை மாணவன் நெடுநாள் மதியான். படித்துத் தடுத்தவரின் சொல்லை மதிப்பான்.