கோடையில் குடோனுக்குள் தண்ணீர்

ஐப்பசி பிறந்தால் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிவிடுகிறோம். சித்திரை, வைகாசியில் அந்த நினைப்பே வருவதில்லை. தண்ணீரே இல்லாத மாதத்தில் தண்ணீரால் என்ன நஷ்டம் என்று நாங்களும் இருந்தவர்கள்தான்.

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில்தான் எங்கள் குடோனில் தண்ணீர் புகுந்தது! கீழே சரக்கு, மாடியில் வீடு; அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நம்மில் பலருக்கு இதே அமைப்புதான். சனிக்கிழமை பகலில் தொட்டி காலி. சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்து, வரவில்லை என்று மூடாமல் விட்டு, குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டோம். மாலையில் லாரித் தண்ணீர் வந்து, பையன் மோட்டார் போட்டிருக்கிறான். திங்களன்று ஷட்டருக்கு வெளியே எறும்புச் சாரை. 11 மூட்டைச் சர்க்கரை பாகாகியிருந்தது. துவரம்பருப்பு பூசணம் பிடித்து மாட்டுக்கும் ஆகாமல் போனது.

ஆகவே, தண்ணீர் நின்ற நாளில்தான் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெளியூர் போனால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வையே அடைத்துவிடுவது உத்தமம். மிதவை வால்வு, வழியும் குழாய் இரண்டையும் பிளம்பரிடம் காட்டுங்கள்; வழியும் குழாய், ஏறும் குழாயைவிடப் பெரிதாக இருப்பது அவசியம். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் நொறுங்கும் தன்மை அடையும். பெயிண்ட் அடித்தால் தாங்கும். காலியான பிளாஸ்டிக் தொட்டியைக் கோடைக் காற்று உருட்டிவிடும், கட்டி வையுங்கள்.

அடுத்தது மொட்டை மாடி. பகலில் விரிந்து இரவில் சுருங்கித் தட்டோட்டின் இணைப்புகள் விடும். வேப்பஞ்சருகு மழைநீர்க் குழாயை அடைக்கும். கோடை மழை சிறு தூறல் என்று எண்ணிவிட வேண்டாம். 1996 ஜூன் நடுவில் சென்னையில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது. 2023 ஜூன் 19 காலைக் கணக்கில் மீனம்பாக்கத்தில் ஏறத்தாழ 16 செ.மீ. தொட்டி கழுவும் நாளில் அந்தத் தண்ணீரை வீணாக்காமல், சந்தேகமான இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி ஒரு நாள் தேக்கிப் பாருங்கள். கீழே கறை தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிட இதுதான் காலம்.

சர்க்கரை, உப்பு, வெல்லம், மைதா நான்கையும் சமையலறை, குளியலறைக்கு நேர் கீழே அடுக்காதீர்கள். மூட்டைக்கும் சுவருக்கும் ஒரு முழம் விடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தீ விபத்துப் பாலிசி என்று பெயர் இருந்தாலும், புயல், வெள்ளத்தோடு தொட்டியும் குழாயும் வெடித்தல், நிரம்பி வழிதல் ஆகியவையும் அதில் வழக்கமாக உண்டு. 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி, 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள நிறுவனங்களுக்கானது. நாள்பட்ட கசிவுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. எங்கள் பாலிசியில் கட்டடம் மட்டுமே இருந்தது, சரக்கு இல்லை. உங்களுடையதை எடுத்து, சரக்கின் மதிப்பு தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.