வீட்டுத் தொட்டியில் கெளுத்தி மீன் இனப்பெருக்கம்

கண்ணாடிக்குள் நீந்தும் மீன்களைக் காணும் ஆவல் சென்னைக்குப் புதிதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே மெரினா கடற்கரையில் மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் தொட்டி வைத்திருக்கும் இல்லங்கள் பல. அவற்றிற்குக் கொளத்தூர் கடைகளின் வழியாக வந்து சேரும் மீன்களில் பல, திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் கொல்லைப்புறத் தொட்டிகளில் வளர்ந்தவை. ஆதலின் நகரத்தாருக்கும், கிராமத்துச் சுயஉதவிக் குழுவினருக்கும் ஒருங்கே பயன்படுமாறு கோரி எனப்படும் சிறு கெளுத்தியைப் பற்றி இங்கு கூறுகிறோம்.

கெளுத்தி என்றவுடன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதலாகாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் சக்கர் மீன் விரலளவாக வந்து முழ நீளம் வளர்வது. தொட்டி கொள்ளாமற்போனதும் பலர் அதை ஏரியில் விட்டுவிடுகின்றனர். அது அங்கே பெருகி, வலைகளைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கபாலீசுவரர் கோயில் குளமாயினும் அடையாற்றுக் கழிமுகமாயினும், தொட்டி மீன் எதையும் அங்கு விடுதல் புண்ணியச் செயலன்று. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

கோரி தென் அமெரிக்க மீன். வெண்கல நிறக் கோரி இரண்டரை அங்குலத்திற்குமேல் அதிகம் வளராது. செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் இரு வரிசையாக அதன் உடலை மூடியிருக்கும். அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கிக் குடலின் வழியாகவும் சுவாசிக்கும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கூரிய கற்களில் இதன் மீசை தேய்ந்துவிடுமாதலால், கழுவிய மென்மணலே பரப்ப வேண்டும். இரண்டடி நீளத் தொட்டியில் இரண்டு பெண்ணும் நான்கு ஆணும் விடலாம். மேலிருந்து நோக்கினால் பெண் அகன்று தோன்றும்.

சென்னையில் இதற்கு இடையூறாவது வெப்பமே. சித்திரை, வைகாசியில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும்; கோரி விரும்புவது 22 முதல் 26 வரை. எனவே ஐப்பசி முதல் தை வரையிலான காலமே ஏற்றது. தாயகத்தில் மழை பெய்து நீர் குளிரும்போதுதான் இம்மீன் முட்டையிடுகிறது. வடகிழக்குப் பருவமழை அந்த வேலையை நமக்குச் செய்து தருகிறது! கடலோரத்து ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் உப்புக் கரிப்பது; குழாய்நீரில் குளோரின் உண்டு, அதனை ஒருநாள் திறந்து வைத்தே பயன்படுத்த வேண்டும். 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயமாயிற்றே. முதல் மழையில் மாடி கழுவப்பட்டபின் பிடித்த நீர் இப்பணிக்கு மிக நன்று. ஒரு வாரம் புழு உணவு அளித்து, பின்னர் மூன்றிலொரு பங்கு நீரை அகற்றி, மண்பானையில் வைத்துக் குளிர்ந்த மழைநீரை மெல்ல ஊற்றுக. அசையாவிடில் மறுநாளும் அவ்வாறே செய்க.

முட்டையிடும் விதம் விந்தையானது. பெண் மீன் ஆணின் வயிற்றருகே வாய்வைத்துக் குறுக்காக நிற்கும். அது விந்தை விழுங்கி, குடலின் வழியே விரைவில் வெளியேற்றி முட்டைகளைக் கருவுறச் செய்கிறது என்று 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வயிற்றுத் துடுப்புகளைக் கூடைபோல் குவித்துச் சில முட்டைகளை ஏந்திச் சென்று கண்ணாடியில் ஒட்டிவிட்டு மீண்டும் வரும். நூற்றுக்கு மேலும் இடுவதுண்டு.

பெற்றோரே முட்டையைத் தின்றுவிடும். ஆகவே சில மணி நேரத்தில் முட்டைகளை விரலால் உருட்டி எடுத்து, அதே தொட்டி நீர் நிறைந்த சிறு பாத்திரத்தில் இட்டுக் காற்றுக்குழாய் வைக்க வேண்டும். வெண்மையாகிப் பூசணம் பிடித்தவற்றை உடனே நீக்குக. மூன்று முதல் ஐந்து நாளில் குஞ்சு வெளிவரும். முதல் இரு நாள் அதற்கு மஞ்சட்கருவே உணவு. பிறகு, பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகப் பலமுறை தருக. மிஞ்சிய தீனி அழுகுவதால்தான் குஞ்சுகள் பெரும்பாலும் மடிகின்றன. நாள்தோறும் அடிநீரை உறிஞ்சியெடுக்கச் சோம்புபவர் இத்தொழிலில் இறங்காதிருப்பதே நலம்.

ஓரங்குலம் வளர்ந்ததும் விற்கலாம். அனுப்புவதற்கு முன்நாள் தீனியை நிறுத்த வேண்டும். துடுப்பு முள் பிளாஸ்டிக் பையைத் துளைக்குமாதலால், ஆக்சிஜன் நிரப்பும்போது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பைகள் இடுக.