லப்பைக்குடிக்காடு முதல் கோடியக்கரை வரை: நீர்வழியே ஒரு நிலப்பிரயாணம்

சென்ற தை மாதக் கடைசியில், கல்லூரிக்குச் சில நாள் விடுமுறை கிடைத்தபோது, யாம் மூவர் எம்முடன் பயிலும் நண்பரொருவர் இல்லத்திற்கு விருந்தினராய் லப்பைக்குடிக்காடு சென்றிருந்தோம். அவ்வூர் பெரம்பலூர் மாவட்டத்தின் வடவெல்லையில், வெள்ளாற்றின் தென்கரையில் உள்ளது. எதிர்க்கரையில் தோன்றும் திட்டக்குடி கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரில் வீட்டுக்கொருவரேனும் கடல்கடந்து பொருளீட்டச் சென்றிருப்பர் என்று கூறினால் அது மிகையாகாது. எம் நண்பரின் பெரியத்தாவும் அவ்வாறு சென்று திரும்பியவரே. ஆயின், அவர் சென்றது ஏனையோர் செல்லும் அரபு நாடுகளுக்கு அன்று. தென்னாப்பிரிக்கப் பகுதியிலுள்ள போட்சுவானா தேயத்திற்கு.

இராவுணவு முடிந்தபின் அவர் தம் நெடும்பிரயாணம் ஒன்றை எமக்கு விரித்துரைத்தார். நண்பர் சிலரோடு, கூரைமேற் கூடாரம் கட்டிய வண்டியில், மவுன் என்னும் ஊரினின்று புறப்பட்டு, மோரெமி காட்டையும் சோபே தேசியப் பூங்காவையும் ஊடறுத்துச் சென்றனராம். மணலில் வண்டி புதைவதும், இரவில் கூடாரத்தின் கீழே யானை நடந்து செல்வதும், மரத்தைக் குடைந்து செய்த 'மொகோரோ' என்னும் ஓடத்தில் நாணலிடையே செல்வதும் கேட்கக் கேட்க இனித்தன. இவையனைத்தினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது, அங்கு வெள்ளம் வரும் காலமேயாம்.

அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒக்கவாங்கோ என்னும் ஆறு அங்கோலா நாட்டு மேட்டுநிலத்தில் தோன்றி, நமீபியாவின் ஒரு முனையைக் கடந்து, போட்சுவானாவினுட் புகுந்து, கடலைக் காணாமலே கலகாரி மணற்பரப்பில் விரிந்து மறைகின்றது. விரியும் அவ்விடமே ஒக்கவாங்கோ கழிமுகம். மலைநாட்டில் மழை பொழிவது நவம்பர் முதல் மார்ச் வரை. அந்நீர் நாணலும் கோரையும் அடர்ந்த சமநிலத்தில் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து, கழிமுகத்தை நிறைப்பதோ ஜூன் முதல் ஆகஸ்டு வரை. அக்காலத்தில் அந்நாட்டில் ஒரு துளி மழையும் இராது. சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, நடுவே நீர் பெருகும். யானையும் எருமையும் மானினமும் அந்நீரை நாடித் திரள்வதற்குக் காரணம் இதுவே. அந்நிலத்தின் ஒரு பகுதியை 1963-ஆம் ஆண்டில் பட்டாவானா மக்கள் தாமே காப்பிடமாக ஒதுக்கினர், அதுவே மோரெமி. கழிமுகம் முழுவதும் 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஆயிரமாவதாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு அவர், "தம்பிகளே! வேற்று நாட்டு மழை நம் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்க அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. நம் காரைவெட்டியைப் பார்த்ததுண்டா?" என்று வினவினார். எம்முள் ஒருவரும் பார்த்திலேம். தமிழிலக்கியம் பயில்வோம் யாம். குருகும் நாரையும் அன்றிலும் எம் பாடநூல்களில் பறக்காத பக்கம் இல்லை. அவற்றை நேரிற் காணாதிருந்தமை எமக்கே நாணத்தை அளித்தது. மறுநாட் காலையிலேயே நண்பரையும் உடன் கொண்டு நால்வராய்ப் புறப்பட்டோம். போவது காரைவெட்டியோடு நில்லாது, காவிரிநீர் செல்லும் நிலத்தைத் தொடர்ந்து கோடியக்கரை வரை செல்வதென முடிவு செய்தோம். பணப்பை அதற்கு இடம் தருமா என்பதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிட்டோம்.

புறப்படும்போது வெள்ளாற்றைக் கண்டோம். மணலே பெரிது, ஓரமாய் மெலிந்த நீர். வெள்ளாறு மழையை மட்டுமே நம்பி வாழும் ஆறு. வந்த வெள்ளத்தின் ஒரு பங்கைத் தொழுதூரில் தடுத்து வெலிங்டன் ஏரிக்குத் திருப்புகின்றனர். எஞ்சியது பரங்கிப்பேட்டையில் கடலையடைகின்றது. அகரம் சீகூர் கடந்து அரியலூரை நோக்கிச் செல்லும் வழியெங்கும் புன்செய் நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் அறுவடையாகிக் கரிசல் வெடித்துக் கிடந்தது. அரியலூரை அணுகியதும் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதி. இச்சுண்ணாம்பு முழுதும் ஒரு காலத்துக் கடலின் எச்சம். வாரணவாசியிலுள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்தில் அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் கல்லுருக்களைக் காணலாம். யாம் பேருந்தின் சாளரத்தினின்று அக்கட்டடத்தை மட்டும் கண்டோம்.

கீழப்பழுவூரில் இறங்கினோம். பழுவேட்டரையரின் ஊர் என்றதும் எம்முள் ஒருவர் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துப் பேசத் தொடங்கி, காரைவெட்டி செல்லும் பேருந்து புறப்பட்டுப் போனதைக் கவனியாது விட்டார். குற்றம் எம் அனைவரதுமே. ஷேர் ஆட்டோவிற் சிறிதும் கால்நடையாய்ச் சிறிதும் சென்று, வெயில் ஏறிய வேளையில் ஏரிக்கரையை அடைந்தோம்.

புன்செய்ப் புழுதியில் வந்த கண்களுக்கு அந்நீர்ப்பரப்பு நம்பத்தக்கதாயில்லை. காரைவெட்டி ஏரி ஏறத்தாழ 4.5 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு சனவரியில் ராம்சர் தலங்களின் வரிசையில் இடம்பெற்ற செய்தி வெளியாயிற்று. ராம்சர் என்பது ஈரான் நாட்டு ஊர். சதுப்பு நிலங்களைக் காப்பது குறித்து 1971-இல் பல நாடுகள் அவ்வூரிற் செய்த உடன்படிக்கையால் அப்பெயர் வந்தது. ஒக்கவாங்கோவும் 1996 முதல் அதே வரிசையில் உள்ளது.

நிற்க. வெள்ளாறு மணலாய்க் கிடக்க, அதே மாதத்தில் காரைவெட்டி எங்ஙனம் நிறைந்திருக்கின்றது? விடை பெரியத்தா கூறியதே. குடகு மலையில் ஜூன் முதல் பெய்யும் தென்மேற்குப் பருவமழை காவிரியாய் இறங்கி, 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையில் தேங்குகின்றது. அங்கிருந்து திறந்துவிடப்படும் நீரின் ஒரு கூறு புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து இவ்வேரியை நிரப்புகின்றது. பின்னர் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தன் பங்கைச் சேர்க்கின்றது. ஒக்கவாங்கோவிற்கு ஒரு மழை. காரைவெட்டிக்கு இரு மழை. இன்னுமொரு வேறுபாடு உண்டு; அதுவே பெரிது. ஆங்கு நீர் தானே வழிகண்டு வருகின்றது. நீர்யானை நடந்து நடந்து கால்வாய் திறக்கின்றது. கறையான் எழுப்பிய புற்றே நாளடைவில் தீவாகின்றது. ஈங்கோ கரையை எழுப்பியவனும், மதகைத் திறப்பவனும், வாய்க்காலைத் தூர்வாருபவனும் மனிதன். அவன் எண்ணியது நெல்லுக்காக. பறவை வந்தது அதன் பின்னர்.

வந்த பறவைகள்தாம் எத்துணை! மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன், ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எனச் சரணாலயக் காவலர் ஒவ்வொன்றாய்ச் சுட்டிக் காட்டினார். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியபோதும் நடுவே சந்து தெரியும். வழுக்கும் நத்தையைப் பற்றுதற்கு அஃது ஏற்றது. இதன் உறவினமொன்று ஒக்கவாங்கோவில் உண்டு. அதுவும் நத்தையையே தின்கின்றது. நெடுங்கால் உள்ளானோ இரண்டிடத்தும் ஒரே இனம்.

யாம் காணவிரும்பியது வரித்தலை வாத்து. வெண்டலையிற் கரிய கோடிரண்டு உடைமையின் அப்பெயர். திபெத்து, மங்கோலியா முதலிய இடங்களிற் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கியதும் இமயத்தைத் தாண்டி வருகின்றது. மனிதர் மூச்சுத் திணறும் ஏழாயிரம் மீட்டருக்கு மேலும் அது பறந்ததைக் கருவிகள் வாயிலாய் அறிந்துள்ளனர். அதன் குருதி குறைந்த காற்றினின்றும் உயிர்வளியை இறுகப் பற்றவல்லது. நெடுநேரம் காத்திருந்து, தொலைநோக்கியை ஒருவர் கையினின்று ஒருவர் பறித்து, ஏரியின் நடுத்திட்டிற் பன்னிரண்டு கண்டோம். "நம்மூர்க்காரர் விடுமுறைக்கு வருவது போல் வருகின்றன" என்று எம் நண்பர் கூற, யாம் நகைத்தோம். பின்னர், விடுமுறைக்கு வாராத ஆண்டுகளும் உண்டென்று அவரே மெல்லச் சொன்னார். அவர் தந்தையார் அயல்நாட்டிற் பணிசெய்பவர்.

கரையின் கீழே நெற்பயிர். அங்கு நின்ற உழவரொருவரிடம், பறவைகளால் உமக்கு இடையூறுண்டோ என்று கேட்டோம். "நீலத்தாழைக்கோழி நாற்றை மிதித்து ஒடித்துப்போடும், விரட்டினால் போய்விடும். கோழி வந்து மிதித்தால் ஒரு பாத்தி போகும்; தண்ணீர் வராவிட்டால் எல்லாம் போகும். அந்த ஆண்டு கோழியும் வராது" என்றார். சரணாலயமென்றதும் வேலியும் காவலும் எம் நினைவிற்கு வந்திருந்தன. இங்கே காவலெல்லாம் அம்மதகின் திறவுகோலில் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

அத்திறவுகோலும் இவ்வூரார் கையில் மட்டும் இல்லை. ஒக்கவாங்கோவின் நீரைக் குறித்து மூன்று நாடுகள் 1994-இல் ஓர் ஆணையம் அமைத்துக் கலந்து பேசுகின்றன. காவிரிக்கு 2007-இல் நடுவர்மன்றத் தீர்ப்பும், 2018-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பும், அதனையடுத்து மேலாண்மை ஆணையமும் வந்தன. அவ்வழக்குகளில் உழவர் பெயரும் நகரங்களின் பெயரும் பேசப்பட்டதை யாவரும் அறிவர். வரித்தலை வாத்துக்கு வழக்கறிஞர் இலர். மேட்டூரிற் குறைந்தால் அதன் பங்கும் குறையும்.

மாலையில் திருமானூர் வழியே கொள்ளிடத்தைக் கடந்தோம். அதற்கு அணித்தாயுள்ள ஏலாக்குறிச்சியே வீரமாமுனிவர் திருக்காவலூரென்று பெயரிட்டுப் பாடிய பதி. தமிழ் மாணவராகிய யாம் அங்குச் செல்லாது போனது பொழுதின் குறையால்தான். இரவு தஞ்சையில் தங்கினோம்.

மறுநாள் மன்னார்குடிச் சாலையில் வடுவூர் ஏரி. ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்தது. காரைவெட்டியின் முன் சிறுபிள்ளை. முத்துப்பேட்டைக்கு அருகே உதயமார்த்தாண்டபுரம் அதனினும் சிறிது. ஆயினும் மரந்தோறும் கூடுகள். இரண்டும் 2022-இல் ராம்சர் வரிசையில் ஏறியவை. இரண்டும் பாசனத்திற்கான ஏரிகளே. இரண்டுக்கும் காவிரியின் கிளைகளே தாய். முத்துப்பேட்டைக் கழியில் அலையாத்திக் காட்டைப் படகிற் சென்று காணவேண்டும். படகுக்கூலி எமக்கு எட்டவில்லை.

வேதாரணியத்தை அடைந்ததும் நிறம் மாறிற்று: பச்சை நீங்கி வெண்மை. உப்பளங்கள். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-இல் இராசாசியார் திருச்சியினின்று தொண்டரோடு நடந்துவந்து உப்பெடுத்துச் சிறைப்பட்ட இடம் இது. அங்கிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரிற் கோடியக்கரை. 1967-இல் வெளிமானைக் காக்கவென அமைந்த சரணாலயம்; 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாயிற்று. புல்வெளியில் முறுக்கிய கொம்போடு ஒரு கலைமான் தலைநிமிர்ந்து நிற்க, பிணைகள் துள்ளி ஓடின. புல்வாய், இரலை என்று யாம் மனப்பாடம் செய்த பெயர்களெல்லாம் அவ்வோட்டத்தைச் சொல்லவில்லை. 2018 நவம்பரிற் கசா புயல் முறித்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் ஆங்காங்கு உள்ளன.

சதுப்பின் கரையில் நின்று பூநாரைகளைக் கண்டோம். அவை தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாய் நீரிற் புகுத்தி, நாவினாற் சேற்றுநீரை இழுத்து வெளித்தள்ளி, அலகினுள்ளிருக்கும் சல்லடையில் தங்கும் நுண்ணுயிர்களை உண்கின்றன. அந்நுண்ணுயிர் வாழ, நீரில் உப்பு ஓரளவிருத்தல் வேண்டும்; மிகையாயின் கேடு. கடல்நீரோடு ஆற்றுநீர் கலந்து அவ்வளவைக் காக்கின்றது. மேட்டூரிற் புறப்பட்ட நீர் வயல்தோறும் ஏரிதோறும் பங்கிட்டபின் எஞ்சியதே இங்கு வந்து சேரும். கடைமடையின் குறையை உழவர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர் நிலத்துக்கும் அப்பாற்பட்ட கடைமடை இது.

வேதாரணியத்திற்குத் திரும்பும் பேருந்து வருமளவும் அப்பூநாரைகளை எண்ணிக் கொண்டிருந்தோம். நால்வரும் நான்கு தொகை சொன்னோம். அவற்றுள் மிகப் பெரியது லப்பைக்குடிக்காட்டு நண்பருடையது. பெரியத்தாவிடம் அதையே சொல்லப்போவதாக அவர் உறுதியாய்க் கூறிவிட்டார்.