பத்தா, பன்னிரண்டா? ஒரு கிடார் பட்டறையின் கம்பிக் கணக்கு

இசைக்கருவிக் கடைக்குப் போய் "அக்கூஸ்டிக் கிடாருக்கு ஒரு செட் கம்பி கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டிய பாக்கெட்டை எடுத்து நீட்டுவார். அட்டையின் ஓரத்தில் 12–53 என்றோ 10–47 என்றோ இரண்டு எண்கள் சின்னதாக அச்சாகியிருக்கும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. கம்பெனிப் பெயரைப் பார்த்துத் திருப்தியாகிவிடுகிறார்கள். பெரம்பூரில் கிடார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இதனால்தான் பாதி வரும்படி வருகிறது. நான் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், அட்டையில் முதலில் படிக்கவேண்டியது அந்த எண்களைத்தான்.

கம்பியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வது வழக்கம். 12–53 என்றால், ஆறு கம்பிகளில் ஆக மெல்லியது 12 பங்கு, ஆகத் தடித்தது 53 பங்கு. இந்த செட்டுக்கு 'லைட்' என்று பெயர். 11–52 'கஸ்டம் லைட்', 10–47 'எக்ஸ்ட்ரா லைட்', 13–56 'மீடியம்'. பட்டறையில் நாங்கள் பத்து செட், பதினொண்ணு செட், பன்னெண்டு செட் என்றுதான் சொல்வோம். 'லைட்' என்று போட்டிருக்கிறதே, புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்குச் சரியாக இருக்கும் என்று பன்னெண்டை வாங்கி மாட்டுகிறவர்கள்தான் பிறகு விரல் நுனியை ஊதிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர். ஒரு தலைமுடித் தடிமன்கூட இல்லை. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் கம்பியின் எடை அதன் விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒரே நீளக் கம்பியில் ஒரே சுருதி வரவேண்டுமானால், எடை ஏறிய அளவுக்கு இழுவையும் ஏறியாக வேண்டும். 1636-லேயே மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதிவைத்த கணக்கு இது. 12-ஐ 10-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள், 1.44 வரும். அதாவது இழுவை 44 சதவீதம் கூடுகிறது. சாதாரண அளவுக் கிடாரில் முதல் கம்பியை 'இ' சுருதிக்கு ஏற்றினால், பத்து நம்பர் கம்பி ஏழு கிலோவுக்குச் சற்று மேலே இழுத்து நிற்கும். பன்னிரண்டு நம்பர் பத்தரைக் கிலோ இழுக்கும். ஆறு கம்பியையும் சேர்த்தால் பத்து செட் சுமார் 60 கிலோ, பன்னெண்டு செட் சுமார் 73, பதிமூணு செட் சுமார் 84. ஒரு மனிதர் உட்கார்ந்தால் எவ்வளவோ அவ்வளவு பாரத்தை அந்த மெல்லிய மேல்பலகை ராத்திரி பகலாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் அயனாவரத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளோடு வந்தார். பன்னிரண்டு, பதிமூன்று வயது இருக்கும். 'இளைய நிலா' வாசிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்த பெண், எஃப் கார்டில் வந்து நின்றுவிட்டாள். "இந்தக் கிடாரே சரியில்லையோ மாஸ்டர்? வேற நல்லதா வாங்கிடட்டுமா?" என்று அம்மா கேட்டார். கிடாரில் ஒரு கோளாறும் இல்லை. மாட்டியிருந்தது பன்னெண்டு செட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடிக் கம்பிக்குக் கீழே 4 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டரை இருந்தால் போதும். கம்பிகள் ஏறி உட்காரும் சேடிலின் அடியை அராவி இறக்கினேன், பத்து செட் மாட்டினேன். இழுவை குறைந்ததும் கழுத்து கொஞ்சம் பின்னால் சாய்ந்து கம்பி ஃப்ரெட்டில் இரைந்தது. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புத் தண்டைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் சரியாகிவிட்டது. கம்பியின் தடிமனை மாற்றும்போது இந்த வேலையும் பின்னாலேயே வரும், பலருக்கு இது தெரிவதில்லை. செலவு புதுக் கிடார் விலையில் மிகச் சிறிய பங்கு.

செலவே செய்யாமல் ஒரு வழியும் உண்டு. எல்லாக் கம்பிகளையும் அரைச் சுருதி இறக்கிவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டு அதே சுருதியில்தான் ஒலிக்கும், இழுவை மட்டும் 11 சதவீதம் குறைந்திருக்கும். ஃப்ரெட்டுகளும் ஒரு கட்டம் நெருங்கிவருவதால் சின்னக் கைக்கு இன்னும் வசதி.

அப்படியானால் எல்லாரும் பத்து செட்டே போட்டுக்கொள்ளலாமே என்றால், கூடாது. எங்கள் பக்கத்துச் சர்ச்சில் ஞாயிறு காலை ஆராதனைக்கு வாசிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். பிக்கைப் பிடித்து அடித்தாரென்றால் கடைசி வரிசைவரை கேட்கும். விரல் வலிக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பத்து செட் மாட்டியிருந்தார். முதல் கம்பி அறுந்துகொண்டே இருந்தது, அறாத கம்பிகள் ஃப்ரெட்டில் மோதி இரைந்தன. மெல்லிய கம்பி ஓங்கி அடிக்கும்போது அகலமாக ஆடும். ஆடும் அந்த ஒரு கணத்தில் அதன் இழுவையும் கூடுவதால் சுருதி மேலேறி, பிறகு கீழே வந்து உட்காரும். பாடுகிறவர்களுக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது. அவருக்குப் பன்னெண்டு போட்டுக்கொடுத்தேன். பதிமூணே கேட்டார். கிடார் பழையது, பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகை ஏற்கெனவே லேசாக வீங்கியிருந்தது. அந்தப் பெட்டியில் பதிமூணு போட எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு வருத்தம்தான்.

கை வலிமையும் வாசிக்கும் முறையும் ஒரு பக்கம் என்றால், பெட்டியின் அளவு இன்னொரு பக்கம். 'ட்ரெட்நாட்' என்று சொல்லும் பெரிய பெட்டியின் மேல்பலகையை அசைக்கப் பன்னெண்டு வேண்டும்; பத்து போட்டால் பெரிய அறையில் கிசுகிசுத்த மாதிரி ஆகிவிடும். இடுப்பு ஒடுங்கிய சின்னப் பெட்டிக் கிடார் பதினொண்ணிலேயே நன்றாகப் பேசும். விரலால் மட்டும் மீட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது பதினொண்ணுதான். பேஸ் கம்பியில் கனமும் போகாது, கட்டைவிரலுக்குப் பாரமும் இருக்காது.

இனி உலோகம். கிடாரின் மெல்லிய இரண்டு கம்பிகளும் எந்த செட்டிலும் வெறும் எஃகுதான். மற்ற நான்கிலும் எஃகு நடுக்கம்பிமேல் வேறொரு உலோகத்தைச் சுற்றியிருப்பார்கள். அட்டையில் '80/20 பிரான்ஸ்' என்றிருந்தால், சுற்றியிருப்பது 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும், அதாவது பித்தளை. 1930-களில் நியூயார்க்கில் கிடார் செய்த டி'ஏஞ்சலிகோவும் கம்பி செய்த டடாரியோ குடும்பத்தாரும் சேர்ந்து கொண்டுவந்தது. மாட்டியவுடன் மணி மாதிரி ஒலிக்கும். 'பாஸ்பர் பிரான்ஸ்' என்றால் செம்போடு வெள்ளீயமும் சிறிதளவு பாஸ்பரஸும் கலந்த வெண்கலம். 1974-இல் அதே டடாரியோ அறிமுகப்படுத்தியது. பளீரென்ற ஒலி ஒரு பிடி குறைவு, ஆனால் நடுச்சுருதிகள் உருண்டு வரும், அரிப்பையும் கூடுதலாகத் தாங்கும்.

பெட்டியின் குணத்துக்கு எதிர்க்குணத்தில் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். பிளைவுட் மேல்பலகை போட்ட மந்தமான கிடாருக்கு 80/20. ஸ்ப்ரூஸ் மேல்பலகையோடு ஏற்கெனவே கணீரென்று ஒலிப்பதற்குப் பாஸ்பர். ஆனால் சென்னையில் இந்த விதியெல்லாம் சில நாளைக்குத்தான் செல்லும். கடல் காற்றும் கை வேர்வையும் சேர்ந்து 80/20-இன் பளபளப்பைச் சீக்கிரமே தின்றுவிடும். சுற்றுக்கம்பி, புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பு மாதிரி கறுக்கும், சொம்பையாவது தேய்த்துவிடலாம். சுற்றுகளின் இடுக்கில் அழுக்கும் தோலும் அடைவதுதான் பெரிய சேதம். ஒலியின் மேல் சுரங்கள் முதலில் சாகும். கம்பியின் எடை ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்துபோவதால், திறந்த கம்பியில் சேரும் சுருதி பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சேராது. "டியூனரில் சரியா காட்டுது, கார்டு பிடிச்சா அபஸ்வரமா இருக்கு" என்று யார் வந்தாலும் நான் முதலில் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். ஃப்ரெட் பட்ட இடங்களில் பள்ளம் தட்டுப்படும். அதற்குமேல் கேள்வியே இல்லை, மாற்றவேண்டியதுதான்.

அதனால் ஒரு பாடல் பதிவுக்கு என்றால் முந்தின நாள் 80/20 போட்டுக்கொள்ளுங்கள். தினசரி வாசிப்புக்குப் பாஸ்பர். புதுக் கம்பியே ஒரு வாரத்தில் சொரசொரவென்று ஆகிற கை உங்களுடையது என்றால், பூச்சுப் பூசிய கம்பி வாங்குங்கள். மழைக்கோட்டுத் துணியான 'கோர்-டெக்ஸ்' செய்கிற அமெரிக்கக் கம்பெனிதான் 1990-களில் 'எலிக்ஸிர்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்து பிரபலமாக்கியது. இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. சுற்றுக்கு மேலே மிக மெல்லிய பிளாஸ்டிக் உறை இருப்பதால் வேர்வை இடுக்கில் இறங்காது. விலை சாதாரண செட்டைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. வேர்வைக் கைக்காரருக்கு அது கட்டுபடியாகும், உலர்ந்த கைக்காரருக்கு வீண். பிக் படும் இடத்தில் நாளடைவில் உறை உரிந்து வெள்ளை நூலாகத் தொங்கும்; சிலருக்கு அதன் வழுக்கலும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. என் கிடாரில் வெறும் பாஸ்பர்தான், வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் அடியும் மேலுமாகத் துடைத்து வைத்துவிடுவேன். தேங்காய் எண்ணெய் தடவினால் துருப்பிடிக்காது என்று ஒரு வைத்தியம் ஊரில் சுற்றுகிறது. தடவாதீர்கள், எண்ணெய் ஒலியை அடைத்து அழுக்கையும் கூட்டிவரும்.

இதுவரை சொன்னதெல்லாம் எஃகுக் கம்பிக் கிடாருக்கு. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடார் வேறு ஜாதி. ஒரு காலத்தில் அதற்கு ஆட்டுக்குடலில் திரித்த நரம்புதான் மாட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் குடல் நரம்பெல்லாம் அறுவைச் சிகிச்சைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் கிடார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின், டுபாண்ட் கம்பெனியின் நைலான் இழையை மாட்டிப் பார்த்தார். ஸ்பெயின் மேதை செகோவியா அதை ஏற்று வாசித்ததும் குடல் நரம்பின் காலம் முடிந்தது. நைலான் செட்டின் மொத்த இழுவை சுமார் 40 கிலோ. அதற்குத் தகுந்த மெலிசான உள்சட்டம்தான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். அதில் 73 கிலோ இழுக்கும் எஃகு செட்டை மாட்டினால் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். அப்படிப் பெயர்ந்துவந்த கிடார் ஒன்று இப்போதும் என் மேஜையில் கிளாம்ப் போட்டுக் கிடக்கிறது. மாட்டிக்கொடுத்தது ஒரு கடைக்காரரே. உங்கள் கிடார் எது என்று சந்தேகமிருந்தால் மெல்லிய மூன்று கம்பிகளைப் பாருங்கள். தூண்டில் நரம்புபோலக் கண்ணாடியாக இருந்தால் எஃகுப் பக்கமே போகவேண்டாம். எஃகு ஒலியும் வேண்டும், இழுவையும் குறையவேண்டும் என்கிற வயதான விரல்களுக்கும் வயதான கிடார்களுக்கும் 'சில்க் அண்ட் ஸ்டீல்' என்று ஒரு செட் உண்டு. எஃகுக்கும் சுற்றுக்கும் நடுவே பட்டு இழை வைத்திருப்பார்கள். சத்தம் குறைவு, அடித்து வாசிக்க உதவாது. தனியே உட்கார்ந்து மீட்டச் சுகமாக இருக்கும்.

எல்லாக் கணக்குக்கும் வெளியே நிற்கிற ஒரு வாடிக்கையாளர் எனக்கு உண்டு. வீணை கற்ற அம்மையார். அக்கூஸ்டிக் கிடாரில் தோடி வாசிக்கவேண்டும் என்கிறார். கமகத்துக்குக் கம்பியை ஃப்ரெட்டின் குறுக்கே ஒதுக்கி இழுக்கவேண்டும். பன்னெண்டு செட்டில் ஒரு சுரம் ஏற்றுவதற்குள் விரல் கிழிந்துவிடும். ஆர். பிரசன்னா போன்றவர்கள் கர்நாடக இசைக்கு எலெக்ட்ரிக் கிடாரை எடுத்ததற்கு மெல்லிய கம்பி ஒரு வசதி. "எனக்குக் கரண்டெல்லாம் வேண்டாம் தம்பி, மரத்தோட சத்தம்தான் வேணும்" என்று இந்த அம்மாள் ஒரே பிடிவாதம். பத்து செட் மாட்டினேன். முதல் இரண்டு கம்பிகளும் வளைந்துகொடுத்தன. மூன்றாவது சுற்றுக்கம்பி, அது அசையவில்லை. அதைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் செட்டில் வரும் 17 நம்பர் வெறும் எஃகுக் கம்பியைப் போட்டேன். இப்போது மூன்றாவதிலும் கமகம் வருகிறது. ஆனால் சேடில் சுற்றுக்கம்பிக்கு என்று வெட்டியது; வெறும் கம்பி அதில் உட்கார்ந்ததும் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி கொஞ்சம் ஏறி நிற்கிறது. வீணைக் காது சும்மா விடுமா? இரண்டு சுரம் வாசித்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். எலும்பில் புது சேடில் ஒன்று வெட்டி, மூன்றாம் கம்பி உட்காரும் இடத்தை மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வருவார்.