குடிகாரன் நடையும் கொள்ளைநோய்க் கணக்கும்

கண்ணாடித் தம்ளர் ஒன்றில் நீரை நிரப்பி, அது அசைவற்று அடங்கும்வரை பொறுத்திருந்து, நீல மை ஒரு துளியை மெல்ல விடுங்கள். சிறிது நேரம் அத்துளி தனித்து நிற்கும். பின்னர் இழையிழையாகக் கலையும். நெடுநேரம் கழித்துப் பார்த்தால் நீர் முழுவதும் வெளிறிய நீலமாக இருக்கும். யாரும் கலக்கவில்லை, எந்தக் கையும் ஏவவில்லை. ஆயினும் மை பரவிவிட்டது. பரவிய மை தானாகவே மீண்டும் ஒரு துளியாகத் திரண்டதை எவரேனும் கண்டதுண்டோ?

பௌதிக அறிஞர் இதனை 'விரவல்' என்பர். மைத்துளியில் நாம் காணும் இவ்விதி மனிதர் கூட்டத்தையும் தொடுகிறது. நாம் வாழும் மும்பை மாநகரின் துயர வரலாற்றோடும் அது பின்னிக் கிடக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதனை அறிந்துகொள்வது நலம். 2020-ஆம் ஆண்டில் நம்மவர் பலர்மீது சுமத்தப்பட்ட ஒரு பழியை இக்கணக்குத் துடைக்கிறது.

ஒருவர் அடி தெரியாது. பலர் வழி தெரியும்

1827-இல் இராபர்ட் பிரௌன் என்னும் தாவரவியல் அறிஞர் மகரந்தத்தினுள் இருந்த நுண்துகள்களை நீரில் இட்டு நுண்பெருக்காடியில் நோக்கினார். அவை ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. உயிருள்ளவை ஆதலால் துடிக்கின்றனவோ என ஐயுற்று, உயிரற்ற கற்பொடியையும் இட்டுப் பார்த்தார். அதுவும் துடித்தது. இதன் காரணத்தைக் கணித வாயிலாக 1905-இல் விளக்கியவர் ஐன்ஸ்டைன். கண்ணுக்குப் புலனாகாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் துகளை இடையறாது மோதுகின்றன. மோதல்கள் எக்கணமும் சரிசமமாக இருப்பதில்லை. ஆகவே துகள் இங்குமங்கும் தள்ளாடுகிறது என்றார்.

அதே 1905-இல் காரல் பியர்சன் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் ஓர் அறிவியல் இதழில் ஒரு புதிரை வெளியிட்டார். ஒரு மனிதன் ஓரிடத்தில் புறப்பட்டுச் சிறிது தூரம் நேராக நடக்கிறான். பிறகு எந்தத் திசை என்றில்லாமல் திரும்பி, மீண்டும் அதே அளவு நடக்கிறான். இவ்வாறு பலமுறை செய்கிறான். முடிவில் அவன் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பான்? இராலே பிரபு விடை கூறினார். அவ்விடையின்படி, தள்ளாடி நடக்கும் குடிகாரனைத் தேடுவோர் அவன் புறப்பட்ட இடத்தின் அருகிலேயே தேடுதல் நன்று. நூறு அடி வைத்தவன் ஏறக்குறையப் பத்தடித் தொலைவே விலகியிருப்பான். பதினாயிரம் அடி வைத்தால் நூறடி. இருமடங்கு தூரம் பரவ நான்மடங்கு காலம் வேண்டும். மைத்துளிக்கும் இதுவே கணக்கு.

தனி ஒருவனின் அடுத்த அடி எத்திசையில் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் பல்லாயிரம் பேர் பல்லாயிரம் அடி வைத்தால், கூட்டம் எவ்வாறு பரவும் என்பதைத் திட்டமாகக் கூறலாம். இரயில்வே எழுத்தனாகிய எனக்கு இதில் வியப்பில்லை. பயணச்சீட்டுச் சாளரத்தின் முன் அடுத்து வந்து நிற்பவர் குர்லாவுக்குக் கேட்பாரா, கல்யாணுக்குக் கேட்பாரா என்பதை நான் அறியேன். ஆனால் இரவுக்குள் எத்தனை சீட்டு விற்கும் என்பதைப் பெரும்பாலும் பிசகின்றிச் சொல்லிவிடுவேன். தனிமனிதர் புதிர், கூட்டம் கணக்கு. புள்ளியியல் பௌதிகம் என்னும் பெருங்கலையின் அடித்தளம் இதுவே.

இத்துறையில் தமிழர் பெருமைகொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. தள்ளாட்ட நடையையும் பிரௌன் இயக்கத்தையும் பற்றி 1943-இல் வெளிவந்த மிகச் சிறந்த கட்டுரை சுப்பிரமணியன் சந்திரசேகர் எழுதியது. இன்றும் மாணவர் அதனைப் பயில்கின்றனர். அவர் 1910-இல் இலாகூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலராக இருந்தவர். சந்திரசேகர் சென்னை இராசதானிக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபெல் பரிசு பெற்றார். விண்மீன் கூட்டத்தில் ஒரு விண்மீன் பிறவற்றின் ஈர்ப்பினால் அலைக்கழிக்கப்படுவதையும் அவர் இதே தள்ளாட்டக் கணக்கினால் ஆராய்ந்தார்.

கொசுவிலிருந்து பம்பாய்ப் பிளேக்குக்கு

பியர்சன் அப்புதிரைக் கேட்டது குடிகாரனுக்காக அன்று, கொசுவுக்காக. 1897-இல் சிகந்தராபாத்தில் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ், குட்டையில் பிறந்த கொசு எவ்வளவு தூரம் பரவும், எவ்வளவு சுற்றளவில் தேங்கிய நீரை அகற்றினால் ஓர் ஊர் தப்பும் என்று கணக்கிட முயன்றார். அம்முயற்சியிலிருந்தே பியர்சனின் புதிர் பிறந்தது.

ராஸுடன் 1901-இல் சியரா லியோனுக்குச் சென்ற இளம் மருத்துவர் மெக்கெண்டிரிக். அவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலி பாஸ்டர் நிலையத்தின் தலைவராகவும் விளங்கியவர். பின்னாளில் எடின்பரோவில், விபத்தொன்றில் கண்பார்வை இழந்த கெர்மாக் என்னும் இரசாயன அறிஞருடன் சேர்ந்து, கொள்ளைநோயின் கணிதத்தை 1927-இல் வெளியிட்டார். தம் கணக்கைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட ஊர் எது தெரியுமோ? நம் பம்பாயேதான்!

1896-இல் துறைமுகத்தை அடுத்த மாண்டவியில் பிளேக் தோன்றிற்று. நகரத்தார் பெருந்தொகையினர் இரயிலேறி வெளியேறினர். நோய் ஆண்டுதோறும் திரும்பி வந்தது. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை வாரந்தோறும் மாண்டவர் தொகையை அவ்விருவரும் வரைபடத்தில் குறித்தனர். தொகை மெல்ல ஏறி, வாரத்துக்கு ஏறக்குறைய 900 என்னும் உச்சத்தை எட்டி, மெல்ல இறங்கியது. அவர்கள் கணித்த கோடு அப்புள்ளிகளின்மேல் பொருந்தி நின்றது.

அக்கணக்கு எளியது. ஊராரை மூன்று பிரிவாக்குக: நோய் வரக்கூடியவர், நோயுற்றவர், தேறியோ மாண்டோ நீங்கியவர். மைத்துளிக்கும் நோய்க்கும் இங்கேதான் வேற்றுமை. மை எவ்வளவு பரவினாலும் அளவு கூடுவதில்லை. நோயோ பரவும்போதே பெருகுகிறது. ஒரு நோயாளி நீங்குவதற்குள் இருவருக்குக் கொடுத்தால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பத்தாம் சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும். ஒருவருக்கும் குறைவாகக் கொடுத்தால் நோய் தானே அவியும். ஒன்று என்பதே வரம்பு. நோய் வரக்கூடியவர் தொகை குறையக் குறையப் பெருக்கம் தளர்ந்து, எல்லாரையும் பற்றுமுன்னரே நோய் அடங்கிவிடுவதும் உண்டு.

இதில் ஓர் எச்சரிக்கையும் உளது. பிளேக் எலியையும் தெள்ளுப்பூச்சியையும் பற்றி வருவது, பருவத்தைச் சார்ந்தது. மனிதப் பிளேக் எலிப் பிளேக்கின் நிழலே என்பதை அவ்வறிஞர்களும் குறிப்பிட்டுள்ளனர். கோடு பொருந்தியதாலேயே காரணம் விளங்கிவிட்டதாகக் கருதலாகாது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். கணக்கு நல்ல வேலையாள். அதை எசமானாக்கிவிடக் கூடாது.

அப்பிளேக்கின் விளைவாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டு தோன்றியது. நெரிசலைக் குறைக்க அது வகுத்த புதிய குடியிருப்புகளுள் தாதர்–மாட்டுங்கா பகுதியும் ஒன்று. தமிழர் குடியேறி, 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிய அதே மாட்டுங்காதான். நம் அகன்ற தெருக்களும் மரநிழலும் நோய்ப் பரவலின் அச்சத்தில் பிறந்தவை என்பதை எத்தனை பேர் அறிவர்?

நீண்ட பாய்ச்சல்

மனிதர் மை போலப் பரவுவதில்லை என்பதற்கு நாமே சான்று. புலம்பெயர்வோரிற் பெரும்பாலோர் குறுந்தொலைவே செல்கின்றனர் என்று இராவன்ஸ்டைன் என்பவர் 1885-இல் எழுதினார். அவ்விதிப்படி திருநெல்வேலியார் மதுரையில் மிகுந்து, இராய்ச்சூரில் குறைந்து, புனாவில் அருகிப் பம்பாயில் அரிதாக அல்லவா இருத்தல் வேண்டும்? ஆனால் இடைவழி ஊர்களைத் தாண்டித் தாராவியில் வந்திறங்கினர். முன்னே வந்த மாமன் எழுதிய கடிதமும், தங்க ஒரு மூலையும், தோல் பதனிடும் தொட்டியில் ஒரு வேலையும் அவர்களை இழுத்தன. உறவு என்னும் தண்டவாளத்தில் தூரம் சுருங்கிவிடுகிறது.

2006-இல் மூன்று பௌதிக அறிஞர் அமெரிக்காவில் கைமாறிச் செல்லும் பணநோட்டுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, மனிதர் நடமாட்டத்தில் பல குறுநடைகளுக்கிடையே சில நெடும்பாய்ச்சல்களும் உண்டெனக் காட்டினர். கொள்ளைநோயும் அவ்வாறே. 2020-இல் அது விமானத்தில் பாய்ந்து வந்தது. சந்துகளில் அடியடியாக நடந்தது.

பழியும் விடையும்

2020 ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல இலட்சம் மக்கள். பெரும்பாலோர்க்குப் பொதுக் கழிப்பறையே கதி. நகரம் நடுங்கிற்று. அந்நடுக்கம் விரைவில் ஏளனமாயிற்று. 'அழுக்கானவர்கள், அறியாதவர்கள், அவர்களாலேதான் நோய் பரவுகிறது' என்ற பேச்சு எங்கும் கேட்டது.

என்னுடன் பணிபுரிந்தவருள் தாராவியில் குடியிருக்கும் தமிழன்பர் ஒருவர் உண்டு. வயதில் எனக்கு மூத்தவர். விலகி அமர்வது யாவர்க்கும் விதியாயிருந்த காலம் அது. ஆயினும் அவர் நாற்காலி மட்டும் கதவுக்கு வெளியே போடப்பட்டது. அவர் வாய்திறவாமல் படிக்கட்டில் அமர்ந்து உண்டார். நானும் அவர் பொருட்டு ஒரு சொல் பேசவில்லை. அதை இன்று எழுதும்போதும் நாணமாகவே இருக்கிறது.

அவ்வாண்டு ஜூலையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் மாநகராட்சியும் நீதி ஆயோக்கும் சேர்ந்து மூன்று வட்டங்களில் இரத்தப் பரிசோதனை நடத்தின. மாட்டுங்கா அடங்கிய எப்-வடக்கு, செம்பூர் அடங்கிய எம்-மேற்கு, தஹிசர் அடங்கிய ஆர்-வடக்கு ஆகியவை அவை. தாராவி அதில் சேரவில்லை. 6,936 பேரைச் சோதித்ததில், குடிசைப் பகுதியினருள் 57 விழுக்காட்டினர்க்கும் பிறருள் 16 விழுக்காட்டினர்க்கும் நோய் வந்து சென்ற அடையாளம் தெரிந்தது. ஒரே வட்டம், ஒரே காற்று. இடையே ஒரு மதில். மதிலுக்கு இப்பால் ஒருவர்க்கெனில் அப்பால் மூவர்க்கு மேல்!

இவ்வேற்றுமைக்கு மக்களின் குணமா காரணம்? முன்சொன்ன கணக்கை நோக்குக. ஒரு நோயாளி எத்தனை பேருக்குக் கொடுப்பான் என்பது மூன்றைப் பொறுத்தது: அவன் நாளொன்றுக்கு எத்தனை பேரை நெருங்குகிறான், ஒரு நெருக்கத்தில் நோய் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை நாள் அவன் பிறரிடையே இருக்கிறான். கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவன் எத்தனை பேரை நெருங்குவது என்பதைத் தானே முடிவுசெய்வதில்லை; கட்டப்பட்ட கழிப்பறைகளின் தொகை முடிவுசெய்கிறது. ஆராய்ச்சியாளரும் மக்கள் நெருக்கத்தையும் பொதுக் கழிப்பறை, பொதுக் குழாய் ஆகியவற்றையுமே காரணங்களாகச் சுட்டினர்.

செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அவ்வன்பரிடம் சென்றேன். அவர் படித்துவிட்டு, "எங்கள் சந்துக்குக் குழாய் ஒன்றுதானே தம்பி! இதைச் சொல்லக் கணக்கு வேண்டுமா?" என்றார். வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். அவர் சொன்னால் சாக்கு என்று தள்ளுவோர், எண் சொன்னால் சிறிதேனும் நின்று கேட்கின்றனர்.

கணக்கு வழியும் காட்டிற்று. இதே டாட்டா நிலையத்தாரும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தாரும் கணிப்பொறிக்குள் கற்பனை மும்பை ஒன்றைப் படைத்து, வீடு, பள்ளி, அலுவலகம், குடிசைப் பகுதி, மின்இரயில் யாவற்றையும் அதில் சேர்த்து, எதைத் திறந்தால் என்னாகும் என்று ஆராய்ந்தனர். தாராவியிலோ வீடுவீடாகச் சென்று காய்ச்சல் பார்த்து, நோயுற்றோரை விரைவில் பிரித்து, கழிப்பறைகளை ஓயாது தூய்மை செய்தனர். கணக்கின் மூன்று உறுப்புகளையும் குறைத்தது அது. ஜூலை 7 அன்று அங்குப் புதிய நோயாளி ஒருவரே. அம்மாதம் 10-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார். டிசம்பர் 25 அன்று ஒருவர்கூட இல்லை. நெரிசல் அப்படியே இருந்தது, மக்களும் அவர்களேதாம்.

நோயினும் விரைவாகப் பரவுவது வதந்தி. அதற்கும் டேலி, கெண்டல் என்னும் இருவர் 1964-இல் கணக்கு வகுத்துள்ளனர். வதந்தி சொல்பவன், அதை முன்னரே அறிந்த ஒருவனைச் சந்திக்கும்போது சலித்து நிறுத்திக்கொள்கிறான் என்பது அதன் சாரம். மைத்துளிக்கு அவ்வாற்றல் இல்லை, மனிதனுக்கு உண்டு. கேட்டதைப் பிறர்க்குக் கடத்துவதும், தன்னோடு நிறுத்துவதும் அவன் கையில் இருக்கிறது. மறுமுறை எவரேனும் நம் காதருகே வந்து, 'அந்தப் பகுதியார் அப்படித்தான்' என்று தொடங்கினால், 'அங்குக் குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை?' என்று ஒரு கேள்வி கேட்போமாக. அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அது.